சனி மோதிரம் சிவந்தது!

1

“நிறுத்து! மோட்டார நிறுத்துய்யா!”

பம்ப் ஆபரேட்டர் சவுரிமுத்து அலறியபோது திங்கட்கிழமை காலை மணி பத்து ஐந்து.

மோட்டார் நின்றது. அதற்கு முன்பே அது இருமி, திணறி, கர்ர்ரக்... என்று காறித் துப்பியிருந்தது.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் பின்னால், கல்லை எல்லாம் வெட்டி விற்றுவிட்டுக் குத்தகைக்காரன் மறந்துபோன கல்குவாரி. நூறடிப் பள்ளம். அதில் அறுபதடித் தண்ணீர். சுற்றியிருந்த க்ரஷர்கள் கல் கழுவிய சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீரை எல்லாம் அதில்தான் விட்டுத் தொலைத்தன. அந்தத் தண்ணீரை உறிஞ்சும் குழாயின் வாயை இப்போது என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது.

சவுரிமுத்து குழாயை இழுத்தான்.

ஒரு சட்டை வந்தது.

சட்டைக்குள்... ஒரு ஆளும் வந்தான்!

“ஐயோ... நம்ம துரைடா!”

துரை, குவாரிக் கரையில் இருந்த பிளான்ட்டின் மேஸ்திரி. முப்பத்திரண்டு வயது. நேற்று வரை உயிரோடு இருந்ததைத் தவிர அவன் மேல் யாருக்கும் புகார் இல்லை.

பிளான்ட் வாசலில் ஒரு போர்டு. ‘அம்ருதஜலம் இண்டஸ்ட்ரீஸ் - சுரங்கக் கழிவுநீரிலிருந்து செம்பும் குடிநீரும்!’ எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரம். மூன்று மாதத்தில் எடுத்த செம்பு மட்டும் ஒரு ஆர்லிக்ஸ் பாட்டிலுக்குள் அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பாட்டிலைப் பார்க்க ஏழு வெள்ளைக்காரர்கள் வருவதாக இருந்தார்கள்.

2

இன்ஸ்பெக்டர் வேதசிரோமணி பிணத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“தனக்கோடி! கரையில என்ன?”

“குவாட்டர் பாட்டில் சார். காலி.” ஹெட் கான்ஸ்டபிள் தனக்கோடி பாட்டிலை முகர்ந்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே முகர்ந்தார். “பிராந்தி சார். மட்டமான சரக்கு.”

“முடிஞ்சது. நேத்து ஞாயித்துக்கிழமை. லீவு. பிளான்ட்டுல ஒருத்தரும் இல்ல. குடிச்சான், விழுந்தான், செத்தான். எழுதிக்கோ... ‘குடிபோதையில் தவறி விழுந்து’...”

“அந்த வார்த்தைய எழுதாத சார்!”

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள் சரசு. துரையின் மனைவி. அழுது முடித்துவிட்டுக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

“போன வருசம் அதுக்கு மஞ்சக் காமால சார். ஜீஎச்சுல பொணமா கெடந்து எந்திரிச்சி வந்துச்சி. அன்னிலேந்து ஒரு சொட்டு தொட்டதில்ல. என் ரெண்டு பொண்ணுங்களயும் நாளைக்கு ஊர்ல குடிகாரன் மவளுங்கன்னு சொல்லுவாங்க. செத்தவன் செத்துட்டான்... அவன் பேரையும் ஏன் சார் சாவடிக்கிற? அந்த ஒரு வார்த்தைய எடு!”

“எல்லா பொண்டாட்டியும் இதத்தான்மா சொல்லுவா. நாலு மணிக்கு பாரினர்ஸ் வர்றாங்க, எனக்கு பந்தோபஸ்து இருக்கு. அதுக்குள்ள இந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுடுவேன்.” வேதசிரோமணி பிணத்தின் சட்டையைக் காட்டினார். “வெள்ளைச் சட்டைக்கு ஏம்மா இவ்வளவு சொட்டு நீலம்? ஆகாசம் மாதிரி இருக்கு!”

“நான் சொட்டு நீலம் வாங்கியே ஆறு மாசம் ஆவுது சார்.”

இன்ஸ்பெக்டர் காதில் அது விழவில்லை. தூரத்துக் குடிசைப் பக்கம் ஒரு பெண் குரல் கத்திக்கொண்டிருந்தது.

“இன்னாடா ஞாயம் இது? குட்த்தது ஒண்ணு, வந்தது ஒண்ணு! எவனாயிருந்தாலும் வாடா!”

“யாருய்யா அது?”

“இட்லிக்கடை கங்கையம்மா சார். என்னவோ கரண்டி காணோமாம்.”

“இங்க மனுஷனே காணாம போறான்... கரண்டியாம்! வாயை மூடச் சொல்லு!”

சரசு அதற்குள் பிணத்தின் அருகே உட்கார்ந்து கணவனின் வலக்கையை எடுத்தாள். அதன் நடுவிரலைப் பார்த்தாள்.

மறுபடி பார்த்தாள்.

“சார்... இது என் வூட்டுக்காரர் மோதிரமே இல்ல!”

“அப்போ பாடியாவது உன் வூட்டுக்காரரா, இல்ல அதுவும் வேற ஆளா?”

“வெளயாடாத சார். அதுக்கு ஏழரைச் சனி. குதிர லாடத்துல அடிச்ச மோதிரம்... கருப்பு இரும்பு! நான்தான் பல்லாவரம் சந்தையில வாங்கிப் போட்டேன். இது செவப்பா கீது. செம்பு! சனிக்கு எவனாவது செம்பு போடுவானா?”

வேதசிரோமணி குனிந்தார்.

மோதிரம் புதுத் தவலை மாதிரி சிவந்து மின்னியது.

பேனாக்கத்தியை எடுத்தார். மோதிரத்தின் மேல் லேசாகச் சுரண்டினார். சிவப்பு உரிந்தது.

உள்ளே... கன்னங்கரேல் என்று இரும்பு!

3

“ஆஹா! ஆஹாஹா!”

செத்த வீட்டில் இப்படிக் கை தட்டியவர் அம்ருதஜலம் முதலாளி லக்ஷ்மிநாராயணன். ஐம்பத்தைந்து வயது. சஃபாரி சூட். அப்பா விட்டுப்போன ஊறுகாய்க் கம்பெனியை விற்று, தண்ணீரில் செம்பு தேடக் கிளம்பிய மேதை.

“பார்த்தேளா இன்ஸ்பெக்டர்? செம்பு கரைஞ்ச தண்ணியில இரும்பைப் போட்டா, தண்ணியில இருக்கற செம்பு இரும்பு மேல வந்து ஒட்டிக்கும். அதான் எங்க டெக்னிக்! பழைய இரும்பைப் போடு, செம்பை எடு! குவாரித் தண்ணியில ஏது செம்புன்னு கேலி பண்ணாளே... இதோ, இறந்துபோனவரே ப்ரூஃப் குடுத்துட்டார்! சார், அந்த மோதிரத்தை சாயங்காலம் வரைக்கும் இரவல் தர முடியுமா? ஒரு வெல்வெட் டப்பாவுல வெச்சு...”

சரசு எழுந்தாள்.

“யோவ்! அது பொணத்துமேல கீதுய்யா!”

“அதான்மா விசேஷமே!”

லக்ஷ்மிநாராயணன் பக்கத்தில் நின்றவர் மெல்ல அவர் தோளைத் தொட்டார். டாக்டர் ஸ்ரீரங்கன். கெமிஸ்ட்ரி பேராசிரியர். குரோம்பேட்டையில் சொந்த வீடு, ஸ்கூட்டர், பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி பட்டங்கள். குவாரியில் செம்பு இருப்பதை ‘கண்டுபிடித்தவர்’ அவர்தான். வெள்ளைக்காரர்கள் தலையாட்டினால் அவருக்கு ஒரு சர்வதேச விருதும், மூன்று வருஷம் அவர்கள் ஊரிலேயே உத்தியோகமும் காத்திருந்தன.

“இன்ஸ்பெக்டர், ஹி இஸ் ரைட். பாவம் துரை. நல்ல வொர்க்கர். ஆனா வீக் பேர்ஸன்... குடிப்பழக்கம். நானே எவ்வளவோ அட்வைஸ் பண்ணியிருக்கேன். ராத்திரி பூரா குவாரித் தண்ணியில கிடந்திருக்கான். மோதிரம் செம்பாயிடுத்து. சிம்பிள் கெமிஸ்ட்ரி.”

“நேத்து நீங்க இங்க வந்தீங்களா சார்?”

“நேத்தா? சண்டே. ஆத்துல டீவில படம் பார்த்துண்டிருந்தேன்.”

“பொய்!” என்றாள் சரசு. அவள் சொன்னது டீவிப் படத்தை அல்ல, குடிப்பழக்கம் என்ற வார்த்தையை. “சார், என் வூட்டுக்காரர் சொல்லிகினே இருக்கும். ‘சரசு, இந்த குவாரித் தண்ணியில செம்பும் இல்ல, வெங்காயமும் இல்ல. வெறும் கல்லுப் பொடி. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டா தண்ணி தெளிஞ்சிடும், அப்பால கோரப் புல்லு வழியா வுட்டா குளிக்கலாம், துணி தொவைக்கலாம். அடியில நிக்கிற சேத்த அச்சுல அமுக்கினா செங்கல்லு’ன்னு. எங்க வூட்டு செவுரே அந்தக் கல்லுதான் சார்! வந்து பாரு!”

பேராசிரியர் சிரித்தார். பட்டப் படிப்புக்கு மட்டுமே வரும் சிரிப்பு.

“செங்கல்! செங்கல்லுக்கு யார்மா அவார்ட் குடுப்பா?”

வேதசிரோமணிக்கு ஒரு குணம் உண்டு. ஏழையின் அழுகையை அவர் நம்ப மாட்டார். பணக்காரனின் சிரிப்பை அதைவிட நம்ப மாட்டார்.

“தனக்கோடி... சாயங்காலத்துக்குப் பந்தல் போடறான் பாரு, அவன்கிட்ட புது ஆணி ரெண்டு வாங்கு. நூலும் வாங்கு.”

“எதுக்கு சார்?”

“மீன் பிடிக்க.”

4

முதல் ஆணி குவாரித் தண்ணீரில் இறங்கியது.

பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்... நாற்பது நிமிஷம்.

லக்ஷ்மிநாராயணன் கரையில் குந்தி, பிரசவ வார்டு வாசலில் நிற்கும் கணவன் மாதிரி நகம் கடித்தார்.

தனக்கோடி நூலை இழுத்தார்.

ஆணி, கடையில் வாங்கியபோது இருந்த அதே நிறத்தில் இருந்தது.

“வெயில் குறைச்சல் சார்!” என்றார் லக்ஷ்மிநாராயணன்.

“மே மாசத்துலயா?”

இரண்டாவது ஆணி பிளான்ட்டுக்குள் இருந்த தொட்டியில் இறங்கியது. பத்தடி ஆழம். உள்ளே மயில் கழுத்து நீலத்தில் தண்ணீர். அடியில் பழைய இரும்புக் குவியல். குவாரியிலிருந்து பம்ப் செய்யும் தண்ணீர் முதலில் வந்து சேரும் இடம் அதுதான்.

ஐந்தே நிமிஷம்!

ஆணி... சிவப்பு! மோதிரத்தின் அதே சிவப்பு!

“ஆக...” வேதசிரோமணியின் குரல் தாழ்ந்தது. “குவாரியில செம்பு இல்ல. தொட்டியில இருக்கு. துரை மோதிரம் குவாரியில சிவக்கல. இங்க சிவந்திருக்கு. சட்டையில இருக்கறது சொட்டு நீலம் இல்ல... இந்த நீலம்! இந்தத் தொட்டியில செத்தவனை எடுத்துக் குவாரியில போட்டு, பக்கத்துல ஒரு பாட்டிலையும் வெச்சிருக்கான் ஒருத்தன்!”

சரசு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அது ஏன் சார் அவ்ளோ கஷ்டப்படணும்? உள்ளயே வுட்டுட வேண்டிதுதானே?” என்றார் தனக்கோடி.

“சாயங்காலம் ஏழு வெள்ளைக்காரன் இந்தத் தொட்டியத்தான்யா எட்டிப் பார்க்கப் போறான்!” இன்ஸ்பெக்டர் திரும்பினார். “முதலாளி சார்! குவாரித் தண்ணியில இல்லாத செம்பு உங்க தொட்டிக்குள்ள எப்படி வந்தது?”

“எப்படி வந்தது?” என்று லக்ஷ்மிநாராயணனும் கேட்டார்.

“சார்! இங்க பாரு சார்!” ஸ்டோர் ரூமிலிருந்து சவுரிமுத்து ஓடி வந்தான். கையில் காலிக் கோணிப்பைகள். “பழைய பேரல் பின்னால திணிச்சி வெச்சிகினு கீறாங்க! பதினோரு சாக்கு!”

வேதசிரோமணி ஒன்றை உதறினார். நீலப் பொடி பறந்தது.

மயில்துத்தம்!

தோட்டத்துச் செடிக்கு அடிக்கிற அதே மயில்துத்தம். செம்பும் கந்தக அமிலமும் சேர்ந்த உப்பு. கடையில் மூட்டை மூட்டையாகச் செம்பை வாங்கி, தண்ணீரில் கரைத்து, அதே தண்ணீரிலிருந்து ஒரு ஆர்லிக்ஸ் பாட்டில் செம்பை ‘மீட்டெடுத்த’ மகா விஞ்ஞானம்!

“துரை இதக் கண்டுபிடிச்சிருக்கான்” என்றார் இன்ஸ்பெக்டர். “வெள்ளைக்காரன்கிட்ட சொல்லிடுவேன்னு சொல்லியிருக்கான். செத்திருக்கான்.”

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் நடுங்கியது. மிக அழகாக நடுங்கியது.

“மை காட்... லக்ஷ்மிநாராயணன்! என்னையே ஏமாத்திட்டேளே? நான் டெஸ்ட் பண்ண தண்ணியில எல்லாம் நீங்க இதைக் கலந்து...? ஸ்டோர் ரூம் சாவி உங்ககிட்டதானே இருக்கு!”

“ஓய்! உம்ம கிட்டயும் ஒண்ணு இருக்கே!”

“நான் ஒரு கல்வியாளன் சார். எனக்கும் மூட்டைக்கும் என்ன சம்பந்தம்?”

லக்ஷ்மிநாராயணன் வாய் திறந்தார். மூடினார். திறந்தார். தொட்டியில் மீன் இல்லாத குறையைத் தீர்த்து வைத்தார்.

“வாங்க முதலாளி” என்றார் வேதசிரோமணி. “தனக்கோடி... விலங்கு!”

“இன்ஸ்பெக்டர், சத்தியமா நான் முட்டாள் சார்! கொலைகாரன் இல்ல! நெஜமாவே இருக்குன்னு நம்பினேன் சார்!”

அவர் வாழ்க்கையிலேயே பேசிய முதல் உண்மை அது. நம்பத்தான் ஆளில்லை.

5

“எங்கடா அவன்? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!”

விலங்கு பூட்டும் சத்தத்தை அந்தக் குரல் விழுங்கியது. கூட்டம் இரண்டாகப் பிளக்க, நடுவில் இட்லிக்கடை கங்கையம்மாள். ஐந்தடி உயரம், அதில் நாலடி கோபம். ஒரு கையில் நீளக் கயிறு. கயிற்றின் நுனியில் கொக்கி கொக்கியாக ஒரு கொத்து.

பாதாளக் கரண்டி! கிணற்றில் விழுந்த குடத்தை, வாளியை எடுக்கிற அதே கரண்டி. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அது ஒன்றுதான்.

“போலீசு! நீயே ஞாயம் சொல்லு. எங்க அம்மா குட்த்த கரண்டி இது. கருகருன்னு இரும்பு. நேத்து இரவல் குட்த்தேன். காலையில பாத்தா வாசல்ல இத்தப் போட்டுட்டு பூட்டான். பாரு... செவ செவன்னு! என் கரண்டிய வெச்சிகினு, எதயோ சாயம் பூசி ஏமாத்தறான்!”

வேதசிரோமணியின் கை விலங்கின் மேல் அப்படியே நின்றது.

கொக்கிகள் அத்தனையும்... செம்புச் சிவப்பு!

ஒரு கொக்கியில் நீலம் படிந்த வெள்ளை நூல் சிக்கியிருந்தது. துரை சட்டையின் நூல்!

“கங்கையம்மா... இது உன் கரண்டிதான். இதாலதான் பிணத்தை எடுத்திருக்கான். யாருக்குக் குடுத்த?”

“பேரு யாருக்குத் தெரியும்? சாயங்காலம் டீவில படம் ஓடிகினு கீது. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. நடுவுல வந்து ஒரு ஆளு கதவத் தட்றான். ஹெல்மெட்டு, முழுக்கைச் சட்ட. ‘கிணத்துல குடம் விழுந்துடுத்து’ன்றான். கிளைமாக்சு நேரம்! நான் மூஞ்சியப் பாப்பனா, படத்தப் பாப்பனா?”

ஸ்ரீரங்கன் மூச்சை வெளியே விட்டார்.

சரசுவின் கண்கள் பளிச்சென்று விரிந்தன.

“யக்கா! அடவு இல்லாம குட்த்துட்டியா?”

“யாரு, நானா?” கங்கையம்மாள் நிமிர்ந்தாள். “பாதாளக் கரண்டிய அடவு வாங்காம குட்த்தா வூடு வெளங்குமாடி? ஒரு பாத்திரம் வெச்சாத்தான் கரண்டி, கரண்டி வந்தாத்தான் பாத்திரம். எங்க அம்மா காலத்து சட்டம். ‘இதெல்லாம் மூடநம்பிக்கை’ன்னு இங்கிலீசுல திட்டிகினே ஸ்கூட்டர் டப்பாலேந்து எட்த்துக் குட்த்தான்!”

முந்தானையை விலக்கி, இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து நீட்டினாள்.

பளபளக்கும் எவர்சில்வர் டிபன் கேரியரின் ஒரு அடுக்கு!

“கருப்புக் கரண்டி வர்ற வரைக்கும் இத்தக் குடுக்க மாட்டேன். கொலையே வுழுந்தாலும் சரி!”

“கொலைதான்மா விழுந்திருக்கு” என்றார் வேதசிரோமணி.

பாத்திரத்தை வாங்கினார். வெயிலில் திருப்பினார். எந்த நல்ல குடும்பத்துப் பாத்திரத்திலும் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்தார். விளிம்புக்குக் கீழே.

புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது ஒரு பெயர்.

‘லோகநாயகி ஸ்ரீரங்கன் - குரோம்பேட்டை’.

6

சாமான் வெட்டுகிறவனுக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. சிக்கனக்காரர்கள் ‘லோ.ஸ்ரீ.’ என்று நிறுத்திக்கொள்வார்கள். பேராசிரியரின் மனைவி ஊர் பெயர் வரைக்கும் வெட்டச் சொன்ன தாராள மனசுக்காரி!

“ஊ... ஊர்ல எத்தனையோ லோகநாயகி...”

“இருக்காங்க. எல்லா லோகநாயகிக்கும் ஸ்ரீரங்கன் இருக்கணுமே? நேத்து ஆத்துல படம் பார்த்தேன்னீங்களே டாக்டர்... கிளைமாக்ஸ் என்ன?”

ஸ்ரீரங்கன் கண்ணாடியைத் துடைக்கப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கத்தினார்.

“அவன்... அவன் ஒரு மேஸ்திரி! எஸ்.எஸ்.எல்.சி. பெயில்! லீவு நாள்ல நான் துத்தம் கரைக்கறச்சே வந்து நின்னு எனக்கு கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றான்! ‘மூட்டைய நானே பார்த்தேன் சார், செங்கல்லக் காட்டலாம் சார், நாலு ஊருக்குத் தண்ணி கிடைக்கும் சார்’னு... நான் சும்மா தள்ளினேன். ஒரே ஒரு தள்ளு. விளிம்புல தலை பட்டுடுத்து. அடியில இரும்புக்குள்ள மாட்டிண்டு மேல வரவே இல்ல... கரண்டி நிறம் மாறும்னு எனக்குத் தோணவே இல்ல.”

“அதத்தானே சார் நீங்க பாடம் நடத்துறீங்க?” என்றார் தனக்கோடி.

கரண்டி சிவந்ததைப் பார்த்துப் பயந்து, வாசலில் போட்டுவிட்டு ஓடியவர். ஒரு வாரம் கழித்து ஆற அமர அடுக்கை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவர். பி.எச்டி. பட்டத்துக்கு அடகுப் பாத்திரம் ஒரு மூடநம்பிக்கை!

லக்ஷ்மிநாராயணன் கையிலிருந்து விலங்கு கழன்றது. இடம் மாறிப் பூட்டிக்கொண்டது.

வேதசிரோமணி ரிப்போர்ட்டை எடுத்தார். ‘குடிபோதையில்’ என்ற வார்த்தையின் மேல் பேனாவை வைத்து ஒரு முறை கோடு போட்டார். சரசு பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு முறை போட்டார், காகிதம் கிழிகிற மாதிரி.

“போதுமாம்மா?”

“போதும் சார்.” அப்போதுதான் அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள்.

“அப்போ... நாலு மணிக்கு அவாள்ளாம் வந்துடுவாளே!” லக்ஷ்மிநாராயணன் மணிக்கட்டைத் தடவியபடி கேட்டார். “நான் எதைக் காட்டறது?”

சரசு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“என் வூட்டு செவுத்தக் காட்டுய்யா. துரை செஞ்சான்னு சொல்லு. அந்தப் பேரச் சொல்லாம ஒரு கல்லத் தொட்ட... அதே கல்லு உன் தலையில!”

“சொல்றேன்மா! போர்டே மாத்திடறேன்மா!”

ஜீப் உறுமியது. நகரவில்லை. பானெட்டுக்கு முன்னால் கங்கையம்மாள்.

“கரண்டிய எட்த்துகினு எங்க போற?”

“கேஸுக்கு சாட்சிம்மா. கோர்ட்டுல குடுக்கணும்.”

“குட்த்துக்கோ. அடவு வையி.”

இன்ஸ்பெக்டர் தனக்கோடியைப் பார்த்தார். தனக்கோடி பெருமூச்சு விட்டு, தன் மதிய சாப்பாட்டு டப்பாவைத் தயிர் சாதத்தோடு எடுத்து நீட்டினார். பாதை கிடைத்தது.

பின் சீட்டில் ஸ்ரீரங்கன் புலம்பினார். “எல்லாம் அந்தப் பேரால வந்தது... பாத்திரத்துல பேர் வெட்டாதேன்னு தலைப்பாடா அடிச்சுண்டேன்...”

பசியோடு திரும்பிப் பார்த்தார் தனக்கோடி.

“இனிமே அந்த பேஜாரே இல்ல சார். உள்ள போனா அலுமினியத் தட்டு குடுப்பாங்க. அதுல பேரு வெட்ட மாட்டாங்க... வெறும் நம்பர்தான்!”